சந்திரகிரியின் ஷோகன்கள்

திருப்பதியில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

1614 அக்டோபரில் வேலூர்க் கோட்டைக்குள் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர் கண்ணை மூடினார். அடுத்த மாதம், கடல்கடந்து ஜப்பானில், டோக்குகாவா இயேயாசு என்ற எழுபது வயது தாண்டிய படைத்தலைவர் ஒசாகா கோட்டையை வளைத்துக்கொண்டார். வேலூருக்கு ஒசாகாவைத் தெரியாது, ஒசாகாவுக்கு வேலூரைத் தெரியாது. ஆனால் இரண்டு இடத்திலும் எழுந்த கேள்வி ஒன்றே: பெரியவர் போய்விட்டார், வாரிசுக்கு வலுவில்லை, படை வைத்திருப்பவன் என்ன செய்வான்?

ஜப்பானில் படை வைத்திருந்தவர் வாரிசை ஒழித்துக்கட்டினார். அவர் குடும்பம் இரண்டரை நூற்றாண்டு நாட்டை ஆண்டது. இங்கே வாரிசு பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அடுத்த தலைமுறையிலேயே பேரரசு பேருக்குத்தான் மிஞ்சியது. ஏன் இப்படி என்று கேட்டால் விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். இந்த ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. தலைக்கு மேலே திருமலை இருக்கிறது. இரண்டுக்கும் இடையில்தான் விடை.

முதலில் ஜப்பான் ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1192இல் மினாமோட்டோ யொரிடோமோ என்ற போர்த்தலைவர் கியோட்டோவிலிருந்த பேரரசரிடம் ஷோகன் என்ற பட்டத்தைப் பெற்றார். பேரரசர் கியோட்டோவிலேயே இருந்தார். யொரிடோமோ தொலைவில் கமாகுராவில் உட்கார்ந்து ஆண்டார். கடையின் பெயர்ப்பலகையில் முதலாளி பெயர், சாவிக்கொத்து கணக்குப்பிள்ளை இடுப்பில் என்பது போன்ற ஏற்பாடு. அந்தக் கணக்குப்பிள்ளை வேலையும் தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாகிவிட்டது. கமாகுராவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. யொரிடோமோவின் மனைவி வீட்டாரான ஹோஜோக்கள் ஷோகனையே பொம்மையாக்கிவிட்டு, அவர் பெயரில் தாங்கள் ஆண்டார்கள். பேரரசர் ஒரு பொம்மை, அவர் நியமித்த ஷோகன் இன்னொரு பொம்மை, ஆட்சி மூன்றாவது ஆளிடம்.

1333இல் கமாகுரா விழுந்தது. 1338 முதல் அஷிகாகா குடும்பம் ஷோகன் பட்டத்தை வைத்திருந்தது. 1467இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரமே எரிந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் டைம்யோ என்ற நிலத்தலைவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். இந்தக் கலகத்தை அடக்கியவர்களில் இரண்டாமவர் ஹிதேயோஷி. எளிய வீட்டில் பிறந்து நாட்டையே கைக்குள் கொண்டுவந்த அவர் 1598இல் இறக்கும்போது அவர் மகன் ஹிதேயோரிக்கு ஐந்து வயது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்த ஐந்து பெரிய தலைவர்களில் ஒருவர்தான் இயேயாசு. 1600இல் செக்கிகஹாரா போரில் வென்று, 1603இல் ஷோகனானார். 1614-15 ஒசாகா முற்றுகையின் முடிவில் ஹிதேயோரியும் அவன் தாயும் கோட்டைக்குள்ளேயே மாண்டார்கள். ஹிதேயோரியின் சிறு மகனைக்கூட விட்டுவைக்கவில்லை. இயேயாசு செய்த சத்தியத்தின் கதி அது.

இத்தனை நடந்தும் ஒன்றுமட்டும் நடக்கவில்லை. யொரிடோமோ முதல் 1867இல் பதவியைத் திருப்பிக்கொடுத்த பதினைந்தாவது டோக்குகாவா வரை, எந்த ஷோகனும் கியோட்டோ அரியணையில் ஏறி உட்காரவில்லை. படை இருந்தது, பணம் இருந்தது, பேரரசரை வறுமையில் வாடவிட்ட காலமும் உண்டு. ஆனால் அந்தப் பீடத்தைத் தொடவில்லை. சூரிய தேவதையின் வம்சம் என்று நாடு நம்பிய குலத்தில் பிறந்தால்தான் பேரரசர் ஆகலாம். பிறப்பை வாளால் வாங்க முடியாது. நியமனக் கடிதத்தை வாங்கலாம். ஆகவே ஷோகன்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே வருவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் சந்திரகிரி ராஜ்யத்தைச் சாளுவக் குடும்பம் வைத்திருந்தது. அதன் தலைவர் சாளுவ நரசிம்மர். விஜயநகரத்தில் சங்கம மரபின் கடைசி அரசர்கள் வலுவிழந்து கிடந்தபோது, கிழக்குக் கரையில் கஜபதிகளையும் வடக்கே பாமினி சுல்தான்களையும் எதிர்த்து நின்ற படைத்தலைவர் இவர்தான். 1485இல் அரசர் இரண்டாம் விரூபாட்சரைச் சொந்த மகனே கொன்றான். குழப்பம் முற்றியது. சாளுவ நரசிம்மரின் தளபதி துளுவ நரச நாயக்கர் படையோடு தலைநகருக்குப் போனார். வாசலில் தடுக்க ஆளில்லை, அந்தப்புரம்வரை போகிறார், அப்போதிருந்த அரசன் தோட்டத்து வழியாக ஓடிவிடுகிறான் என்று அரை நூற்றாண்டுக்குப் பின் போர்ச்சுகீசிய வணிகர் நூனிஸ் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். சந்திரகிரித் தலைவர் அரியணை ஏறினார்.

கியோட்டோவில் நடக்காதது இங்கே முதல் சுற்றிலேயே நடந்துவிட்டது.

அதற்கடுத்த இருபது ஆண்டில் நடந்ததைக் கேட்டால் ஹோஜோக்களே வெட்கப்படுவார்கள். 1491இல் சாளுவ நரசிம்மர் இறக்கிறார், இரண்டு பிள்ளைகளும் சிறுவர்கள். பொறுப்பு நரச நாயக்கரிடம். மூத்த பிள்ளை கொலையாகிறான். இளையவன் இம்மடி நரசிம்மன் அரியணை ஏறுகிறான், ஆனால் கொஞ்ச நாளில் பெனுகொண்டாக் கோட்டையில் காவலுக்குள் போய்விடுகிறான். அரசன் பெயரில் சாசனம் வெளிவருகிறது, ஆட்சி நரச நாயக்கருடையது. இந்தக் கட்டம் அசல் ஷோகன் ஆட்சி. 1503இல் நரச நாயக்கர் இறந்ததும் அந்தப் பொறுப்பு அவர் மகன் வீரநரசிம்மருக்குப் போகிறது, பரம்பரையாகவே போகிறது. ஆனால் 1505இல் இம்மடி நரசிம்மன் கொல்லப்பட, வீரநரசிம்மரே பேரரசர் ஆகிறார். அவர் தம்பிதான் நாம் கொண்டாடும் கிருஷ்ணதேவராயர்.

மூன்றாவது சுற்று இன்னும் சுவையானது. 1542இல் அச்சுதராயர் இறந்தபின் நடந்த கொலைகளைத் தாண்டி, கிருஷ்ணதேவராயரின் மருமகன் அரவீட்டு ராமராயர் சதாசிவராயரை அரியணையில் ஏற்றினார். சில ஆண்டுகளில் அரசர் காவலுக்குள் போனார். ராமராயரும் அவர் தம்பிமார் திருமலராயரும் வேங்கடாத்திரியும் நாட்டை ஆண்டார்கள். 1567இல் விஜயநகரத்துக்கு வந்த வெனிஸ் வணிகர் சீசர் ஃபிரெடரிசி, உண்மையான அரசரை ஆண்டுக்கு ஒருமுறைதான் மக்களுக்குக் காட்டினார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். ஆண்டில் ஒருநாள் தரிசனம், மற்ற நாள் முழுக்கக் காவல். 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் ராமராயர் தலை போனதும், தப்பித்த திருமலராயர் கஜானாவை யானைகள்மேல் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார். கஜானாவோடு சதாசிவராயரையும் கூட்டிக்கொண்டு போனார் என்பதைக் கவனியுங்கள். அரசர் அப்போதும் தேவைப்பட்டார். ஐந்தாறு ஆண்டு கழித்துத் தேவைப்படவில்லை. திருமலராயரே முடிசூடிக்கொண்டார்.

ஆக, ஒரே பேரரசில் மூன்று முறை படைத்தலைவன் அரசனுக்குப் பின்னால் நின்று ஆளத் தொடங்கி, பின் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஜப்பானில் ஏழு நூற்றாண்டு தாண்டப்படாத வாசற்படி இங்கே தலைமுறைக்கு ஒருமுறை தாண்டப்பட்டது. ஜப்பானியர் நேர்மையானவர்கள், நம் ஆட்கள் துரோகிகள் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஒசாகாவில் எரிந்துபோன தாயையும் பிள்ளையையும் நினைத்தால் அந்த வாதம் நிற்காது.

காரணம் மலைமேல் இருக்கிறது.

திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு மண்டபம். வரிசை தள்ளுகிற தள்ளலில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கிருஷ்ணதேவராயர் செப்புச் சிலையாக நிற்கிறார், இரண்டு பக்கமும் திருமலாதேவி, சின்னாதேவி. தலையில் நீண்ட குல்லாய், இரண்டு கையும் கூப்பியபடி. எதிரே அச்சுதராயரும் அவர் தேவி வரதாம்பிகையும் கல்லில், வேங்கடபதி ராயர் செம்பில். எல்லாரும் கூப்பிய கையோடு வாசலில் நிற்கிறார்கள். உலகத்தில் பேரரசர்கள் தங்கள் சிலையைக் குதிரைமேல் வைத்தார்கள், சிங்காசனத்தில் வைத்தார்கள். இவர்கள் வாசற்காரர்களாக வைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் இதற்கு நேர்மாறு. 1616இல் இறந்த இயேயாசுவை அடுத்த ஆண்டே நிக்கோ மலையில் தெய்வமாகப் பிரதிஷ்டை செய்தார்கள். பேரன் இயெமிட்சு 1636இல் அந்தக் கோயிலைப் பொன்னும் வண்ணமுமாகப் புதுப்பித்துக் கட்டினார். டைம்யோக்கள் அங்கே போய்க் கும்பிட்டார்கள்.

அரியணை ஏற முடியாத ஷோகன் செத்தபின் தெய்வமானார். அரியணை ஏறிய நம் படைத்தலைவர்கள் தெய்வத்தின் வாசலில் வேலைக்காரராக நின்றார்கள். இரண்டுமே அதிகாரத்துக்கு நியாயம் தேடும் வழிகள்தாம். ஆனால் இங்குள்ள வழி எல்லாருக்கும் திறந்திருந்தது. சூரிய தேவதையின் வம்சத்தில் பிறக்க வேண்டியதில்லை. ஏழுமலையானுக்குத் தொண்டு செய்தால் போதும், ஊர்களை எழுதிவைத்தால் போதும், அவன் அருளால் ஆள்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சாளுவ நரசிம்மர் இதை எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர். அரியணை ஏறுவதற்கு முப்பது ஆண்டு முன்பிருந்தே, வெறும் சந்திரகிரித் தலைவராக இருந்த காலத்திலேயே, திருமலைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ராமானுஜகூடம் என்ற சோற்றுச் சத்திரங்களை வைத்தார், கந்தாடை ராமானுஜ ஐயங்காரை அவற்றின் பொறுப்பில் அமர்த்தினார். கோயிலுக்கு வந்த பணம் சும்மா கிடக்கவில்லை. தேவதான ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் போடப்பட்டது. கூடுதலாக விளைந்த நெல்லில் தளிகை நடந்தது, பிரசாதத்தில் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு, அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதும் கல்லில். ஜப்பானில் ஒரு டைம்யோவின் எடை அவன் நிலத்தில் விளையும் அரிசிக் கணக்கில் அளக்கப்பட்டது. இங்கே ஒரு நாயக்கரின் எடையை அவர் பெயரில் நடந்த தளிகைக் கணக்கில் அளக்கலாம்.

அச்சுதராயர் கதை இதற்குச் சரியான சாட்சி. கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்ததும் தம் தம்பிமாரையும் அண்ணன் மகனையும் சந்திரகிரிக் கோட்டைக்கு அனுப்பிக் காவலில் வைத்தார் என்கிறார் நூனிஸ். டோக்குகாவாக்கள் வாரிசு அற்றுப்போகாமல் இருக்க ஓவாரி, கீ, மிட்டோ என்று மூன்று கிளைக் குடும்பங்களை மரியாதையோடு வைத்திருந்தார்கள். 1716இல் எட்டாவது ஷோகன் கீ கிளையிலிருந்துதான் வந்தார். விஜயநகரத்தின் மாற்று வாரிசுகள் சந்திரகிரியில் பூட்டுக்குள் இருந்தார்கள். 1529இல் கிருஷ்ணதேவராயர் இறந்தபோது, அவருடைய கைக்குழந்தையை ஏற்றிவிட்டுப் பின்னால் நின்று ஆளலாம் என்று ராமராயர் கணக்குப் போட்டார். சந்திரகிரியிலிருந்து வெளியே வந்த அச்சுதர் என்ன செய்தார் தெரியுமா? நேரே தலைநகருக்கு ஓடவில்லை. திருமலையில் பெருமாள் சந்நிதியில் முடிசூட்டு நீராட்டை நடத்திக்கொண்டார், காளத்தியில் இன்னொரு தடவை, அப்புறம்தான் விஜயநகரம். பெருமாள் கையிலிருந்த சங்கத்து நீர் அவர் தலையில் வார்க்கப்பட்டதாக அவருடைய அவைக் கவி ராஜநாத டிண்டிமர் பாடியிருக்கிறார். தலைநகரில் ராமராயரிடம் ஆளும் சதியும் இருந்தன. அச்சுதரிடம் திருமலை இருந்தது. அந்தச் சுற்றில் திருமலை வென்றது.

ஷோகன் மாதிரி ஆட்சி இந்தியாவில் நடக்கவே இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சாத்தாராவில் சத்ரபதி, புனேயில் பேஷ்வா என்ற மராட்டிய ஏற்பாடு ஷோகன் ஆட்சிக்கு மிக நெருங்கியது. 1713இல் பாலாஜி விஸ்வநாத்திடம் தொடங்கிய பதவி ஒரே குடும்பத்தில் 1818 வரை ஓடியது. ஒவ்வொரு பேஷ்வாவும் சாத்தாராவிலிருந்து பட்டத்து உடையை வாங்கிக்கொண்டார், சிவாஜியின் வம்சத்தை ஒதுக்கிவிட்டுத் தானே சத்ரபதி என்று சொல்லத் துணியவில்லை. மைசூரிலும் அப்படி. முதலில் களலே தளவாய்கள், 1761 முதல் ஹைதர் அலி. உடையார் மன்னர் தசராவில் மக்களுக்குக் காட்சி தருவார், மற்ற நாளில் ஆட்சி ஹைதருடையது. அந்த ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று கடைசி மூச்சை விட்டது சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயனிபேட்டை முகாமில் என்பது சித்தூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இனி 1614க்குத் திரும்பலாம். திருமலராயர் தம் மக்களுக்கு ராஜ்யத்தைப் பங்கிட்டபோது தெலுங்கு நாட்டுக்குப் பெனுகொண்டா, கன்னட நாட்டுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம், தமிழ் நாட்டுக்குச் சந்திரகிரி. அப்படித் தமிழ்ச் சீமைக்குப் பொறுப்பாக இங்கே வந்த இளைய மகன்தான் வேங்கடபதி. பின்னால் பேரரசரானதும் 1592 வாக்கில் தலைநகரையே சந்திரகிரிக்குக் கொண்டுவந்தார், இன்னும் சில ஆண்டில் வேலூரையும் பிடித்து அங்கே தங்கினார். 1598இல் இயேசு சபைப் பாதிரிமார் சந்திரகிரி அவைக்கு வந்தபோது இவர் வரவேற்று இடம் கொடுத்தார். அதே சபையின் பாதிரிமாரை 1614இல் இயேயாசு நாட்டைவிட்டு வெளியேற்றினார். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. வேலூரில் நடந்த கொலைகளை விவரமாக எழுதிவைத்தவரும் ஒரு பாதிரியார்தான், மனுவேல் பராதாஸ்.

வேங்கடபதிக்குப் பிள்ளை இல்லை. அரசிகளில் ஒருவர் தம் பிள்ளை என்று காட்டிய சிறுவனை அவர் நம்பவில்லை. அண்ணன் மகன் ஸ்ரீரங்கனுக்குப் பட்டம் கொடுத்துவிட்டு இறந்தார். அந்த அரசியின் அண்ணன் கொப்பூரி ஜக்கராயன். தன் தங்கை பிள்ளையை ஏற்றினால் ஆட்சி தன் கையில் என்பது அவன் கணக்கு. புது அரசனையும் மனைவி மக்களையும் வேலூர்க் கோட்டைக்குள் அடைத்தான். எதிர்த்து நின்றவர் வெலுகோட்டி யாசம நாயக்கர் ஒருவர்தான். அவர் ஏற்பாட்டில் அரண்மனைக்கு அழுக்கெடுக்கப் போகும் வண்ணார் ஒருவர், அரசனின் மக்களில் ஒருவனான ராமதேவனைத் துணிமூட்டைக்குள் வைத்துக் கட்டித் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்துவிட்டார். காவலர் கண்ணெதிரேதான் மூட்டை போனது. நாயக்கர்களின் பெயரெல்லாம் காவியங்களில் ஏறியிருக்கிறது. ஒரு பேரரசையே முதுகில் சுமந்த அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஜக்கராயன் உள்ளே இருந்த அரச குடும்பத்தை மொத்தமாக ஒழித்தான். பிறகு இரண்டு ஆண்டுச் சண்டை. மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம், தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் நடந்த பெரும் போரில் ஜக்கராயன் விழுந்தான். ராமதேவன் அரசனானான்.

பிள்ளை வென்றுவிட்டான். ஆனால் வென்றுகொடுத்த நாயக்கர்கள் அதன்பின் யாருக்கும் கட்டுப்படவில்லை. டோக்குகாவாவின் கெட்டிக்காரத்தனம் போரில் வென்றதைவிட, போருக்குப்பின் செய்ததில் இருக்கிறது. ஹிதேயோஷி காலத்திலேயே, 1588இல், குடியானவர்களிடமிருந்த வாள்களைப் பிடுங்கிவிட்டார்கள். பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்க இரும்பு வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். 1615இல் ஒரு ஆட்சிப்பரப்புக்கு ஒரே கோட்டை, மற்றதை இடி என்று ஆணை. டைம்யோக்களுக்கு ஒரு சட்டம், பேரரசரின் அவைக்கே ஒரு சட்டம். 1635இல் இயெமிட்சு போட்ட விதி எல்லாவற்றுக்கும் சிகரம்: டைம்யோ ஓராண்டு தன் ஊரில், ஓராண்டு ஷோகனின் தலைநகரான எடோவில் இருக்க வேண்டும், மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே. ஹாக்கோனே மலைவழிச் சாவடியில் இரண்டைத்தான் முக்கியமாகச் சோதிப்பார்கள், எடோவுக்குள் போகும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியே போகும் பெண். துப்பாக்கி உள்ளே போனால் கலகம் வரும், பிணையாக இருக்கும் மனைவி வெளியே போனாலும் கலகம் வரும். இதோடு, பிடிக்காத டைம்யோவை ஒரு சீமையிலிருந்து பிடுங்கி இன்னொரு சீமையில் நடும் உரிமையும் ஷோகனிடம் இருந்தது.

விஜயநகரத்திலும் நல்ல காலத்தில் இந்த உரிமை அரசரிடம் இருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட படைத்தலைவர்கள், அவர்கள் நிலத்தில் 120 லட்சம் பொன் வருமானம், அதில் 60 லட்சம் அரசருக்கு, மீதியில் இத்தனை குதிரை இத்தனை காலாள் வைத்திருக்க வேண்டும் என்று நூனிஸ் கணக்குச் சொல்கிறார். நாயக்கர் தலைநகரில் தம் சார்பாகத் தானாபதி ஒருவரை வைத்திருக்க வேண்டும், மகாநவமிக்குத் தொகையைக் கட்ட வேண்டும். தானாபதி சம்பளக்காரர். அவர் தலை போனால் நாயக்கருக்கு ஒன்றும் ஆகாது. எடோவில் இருந்தது பெற்ற பிள்ளை. வேறுபாடு அங்கேதான். 1565க்குப் பின் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களை இடம் மாற்ற எந்த ராயராலும் முடியவில்லை. சேவைக்காகக் கொடுத்த சீமை சொத்தாகிவிட்டது.

சந்திரகிரியின் ராஜமகாலைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மாடி, மரம் சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது, இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சென்னைப்பட்டணத்துக்கான சாசனம் அங்கே கையெழுத்தானது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டேவுக்கு இடம் கொடுத்தவர் தாமல் வேங்கடாத்திரி நாயக்கர். ராயர் மூன்றாம் ஸ்ரீரங்கர் அதை உறுதிசெய்தது 1645இல். நாயக்கர் முதலில் கொடுத்துவிடுகிறார், பேரரசர் ஆறாண்டு கழித்து ஒப்புக்கொள்கிறார். அந்த வரிசையைப் பார்த்தாலே ஆட்சி யாரிடம் இருந்தது என்று விளங்கிவிடும். அடுத்த ஆண்டே கோல்கொண்டாப் படை இந்தப் பக்கம் முழுவதையும் விழுங்கியது.

பேரரசு போன பிறகும் கீழே இருந்த பரம்பரைத் தலைவர்கள் போகவில்லை. வேங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகரம் என்ற பெரிய பாளையங்கள். அவற்றுக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கல்லூர், புலிசெர்ல, நரகண்டி, பங்காரி போன்ற சித்தூர்ப் பாளையப்பட்டுகள். கோல்கொண்டா வந்தாலும் ஆர்க்காட்டு நவாப் வந்தாலும் ஹைதர் வந்தாலும் இவர்கள் காட்டைச் சுற்றி முள்வேலி வளர்த்துக்கொண்டு, ஊர்க்காவல் என்று குடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, கேட்டால் பேஷ்கஷ் என்ற திறையைக் கட்டி, கேட்காவிட்டால் கட்டாமல் காலம் தள்ளினார்கள். ஹிதேயோஷி 1588இல் செய்த ஆயுதப் பறிப்பு இங்கே நடக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்தது கம்பெனி. 1801இல் நவாபின் நாடு கைக்கு வந்ததும், பெரிய பாளையங்களுக்கு 1802இல் நிரந்தர சனது கொடுத்துப் படையைக் கலைக்கச் சொன்னது, பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். சித்தூர்ச் சிறு பாளையக்காரர்கள் பணியவில்லை. 1804இல் கம்பெனிப் படை மலையடிவாரத்துக்குள் புகுந்தது. பங்காருபாளையம், புலிசெர்ல என்று இன்றைக்கு மண்டலப் பெயராக நிற்பவை அந்தப் பாளையங்களின் பெயர்களே.

வடமேற்கே மதனப்பள்ளியையும் உள்ளடக்கிய சீமையில் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ ஏறத்தாழ 80 பாளையக்காரர்களை ஒடுக்கினார். அதே மன்றோவின் பெயரில் திருமலையில் தளிகை நடக்கும் பாத்திரம் ஒன்றை மன்றோ கங்காளம் என்கிறார்கள். கம்பெனியே 1843 வரை கோயில் நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருந்தது, பிறகுதான் ஹாதிராம்ஜி மடத்துக்குக் கொடுத்தது. சாளுவ நரசிம்மர் போட்ட பாதையில் வெள்ளைக்காரத் துரையும் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 1871இல் ஒரே ஆணையில் டைம்யோக்களின் ஆட்சிப்பரப்புகள் மாவட்டங்களாயின, 1876இல் சாமுராய் வாள் கட்டுவதும் தடையாயிற்று. இங்கே பரம்பரை ஜமீன்களுக்கு முடிவு கட்டியது 1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். வேலூரில் பிள்ளையைக் காப்பாற்றிய யாசமரின் வெலுகோட்டிக் குலம் அதுவரை வேங்கடகிரியில் ராஜாவாக இருந்தது. வேங்கடகிரி என்றால் இன்று சேலைதான் நினைவுக்கு வருகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே சொன்னவற்றில் பாதி, திருமலை திருப்பதிக் கோயில் சுவர்களில் இருக்கிறது. சாது சுப்ரமணிய சாஸ்திரியின் உழைப்பில் அந்தக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றில் பெரும்பகுதி தமிழ். தெலுங்கரசர்களின் கொடை, ஏரி, தளிகை, பிரசாதப் பங்கு எல்லாம் தமிழில் எழுதப்பட்டுள்ளன. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சந்திரகிரிக்கு அழைத்துப்போங்கள். அடுத்த ஞாயிறு அந்தத் தொகுதிகளில் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, சாளுவ நரசிம்மர் காலத்துக் கல்வெட்டு ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.